ஜாங்கோ இன்ஸ்டால் ஆனது, ஜாங்கோ-அட்மின் எங்கே போனது?

பைதான் மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் கருவித்தொகுப்பு ஜாங்கோ; பைதான் பொதிகளை இறக்கி நிறுவும் நிரல் பிப். ‘பிப் இன்ஸ்டால் ஜாங்கோ’ என்று தட்டினால் சில வரிகள் ஓடி, கடைசியில் ‘சக்சஸ்ஃபுல்லி இன்ஸ்டால்ட்’ என்று வந்து நிற்கும். ஜாங்கோவோடு ஒட்டிக்கொண்டு வந்த ஏஎஸ்ஜிஐரெஃப், எஸ்க்யூஎல்பார்ஸ் ஆகிய பெயர்களும் அதே வரியில் இருக்கும். எல்லாம் முடிந்தது என்று, ‘கடை’ என்ற பெயரில் புது ப்ராஜெக்ட் தொடங்க அடுத்து ‘ஜாங்கோ-அட்மின் ஸ்டார்ட்ப்ராஜெக்ட் கடை’ என்று கொடுத்தால், அப்படியொரு கட்டளையே தெரியாது என்கிறது கணினி. விண்டோஸில் ‘நாட் ரெகக்னைஸ்ட்’ என்று வரும். லினக்ஸிலும் மேக்கிலும் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’.

இந்த இடத்தில் பலரும் செய்வது, அதே பிப் கட்டளையை இன்னொரு முறை ஓட்டுவது. ‘ரிக்வயர்மென்ட் ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைட்’ என்று சொல்லிவிட்டு பிப் சும்மா இருந்துவிடும். அடுத்து பைதானையே வேறொரு பதிப்பாக இறக்கி இன்ஸ்டால் செய்வார்கள். அதுவரை ஒரு பைதான் இருந்த கணினியில் இப்போது இரண்டு. எதற்குள் எது இருக்கிறது என்று கண்டுபிடிப்பது முன்பைவிடக் கடினம். அதனால் எதையும் மறுபடி இன்ஸ்டால் செய்யுமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஜாங்கோ எந்தப் பைதானுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது? இந்தச் சிக்கலில் பத்துக்கு ஒன்பது முறை ஜாங்கோ-அட்மின் கோப்பு பத்திரமாக இருக்கும். அது இருக்கும் ஃபோல்டரை டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) தேடுவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே உச்சரிக்கும்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள். இரட்டைக் கோடு, ஒற்றைக் கோடு, புள்ளி எல்லாம் இங்கே உள்ளபடியே.

அந்தக் கோப்பு எப்படிப் பிறக்கிறது

ஜாங்கோவை பிப் இறக்கும்போது வருவது ‘வீல்’ என்ற ஒரு ஜிப் மூட்டை. அதற்குள் ஜாங்கோ-அட்மின்.இஎக்ஸ்இ என்று எதுவும் கிடையாது. அதற்குப் பதில் ‘என்ட்ரி_பாயின்ட்ஸ்.டெக்ஸ்ட்’ என்ற சின்னக் கோப்பு இருக்கும். மொத்தமே இரண்டு வரி. முதல் வரியில் சதுர அடைப்புக்குள் ‘கன்சோல்_ஸ்கிரிப்ட்ஸ்’. இரண்டாவது வரியில் ‘ஜாங்கோ-அட்மின்’, ஒரு சமக்குறி, பிறகு ஜாங்கோவின் மேனேஜ்மென்ட் தொகுதியில் இருக்கும் ‘எக்ஸிக்யூட்_ஃப்ரம்_கமாண்ட்_லைன்’ என்ற ஃபங்ஷனின் முகவரி. ‘இந்தப் பெயரில் ஒரு கட்டளை உண்டாக்கு, அதை யாராவது ஓட்டினால் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு’ என்று பிப்புக்கு எழுதிவைத்த சீட்டு அது.

அந்தச் சீட்டைப் படித்து, உங்கள் கணினியில் அந்த நேரத்திலேயே பிப் உண்டாக்குவதுதான் ஸ்கிரிப்ட். லினக்ஸில் அதைத் திறந்து பார்க்கலாம். பத்து வரிகூட இருக்காது. முதல் வரி ‘ஷீபேங்’. எந்தப் பைதானைக் கொண்டு ஓட வேண்டும் என்று முழுப் பாதையும் அதில் எழுதியிருக்கும். கீழே அந்த ஃபங்ஷனை இம்போர்ட் செய்து கூப்பிடும் ஓரிரு வரிகள். விண்டோஸில் இதே விஷயம் சுமார் 100 கேபி அளவுள்ள ஓர் இஎக்ஸ்இ கோப்பாக உருவாகும். அதற்குள்ளும் பைதானின் முழுப் பாதை பொதிந்திருக்கும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. கீழே வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இந்த இரண்டு உண்மைகளிலிருந்தே முளைக்கின்றன: ஸ்கிரிப்டை உருவாக்குவது பிப், எந்தப் பைதானின் பிப்போ அந்தப் பைதானின் ஃபோல்டரில் அதை வைக்கும்; அந்த ஸ்கிரிப்டுக்குள் பைதானின் முழு முகவரி பதிந்துவிடுகிறது.

முதலில் வேலை நடக்கட்டும்

அவசரமாக ப்ராஜெக்ட் தொடங்க வேண்டியிருந்தால் ஸ்கிரிப்டைத் தேடவே தேவையில்லை.

பைதான் -எம் ஜாங்கோ ஸ்டார்ட்ப்ராஜெக்ட் கடை

ஜாங்கோ-அட்மின் செய்யும் எல்லா வேலையையும் இது செய்யும். விண்டோஸில் ‘பைதான்’ என்பதற்குப் பதில் ‘பிஒய்’, உபுண்டுவில் ‘பைதான்3’ என்று போட வேண்டியிருக்கலாம். பாத் (கட்டளைகளைத் தேட டெர்மினல் பார்க்கும் ஃபோல்டர்களின் பட்டியல்) எப்படிக் குழம்பிக் கிடந்தாலும், அந்தப் பைதானுக்குள் ஜாங்கோ இருந்தால் போதும். இது ஓடிவிட்டால் இன்ஸ்டாலில் குறையில்லை, பாத் மட்டும்தான் பாக்கி என்று உறுதியாகிவிடும். ‘நோ மாட்யூல் நேம்ட் ஜாங்கோ’ என்று வந்தால், ஜாங்கோ வேறொரு பைதானுக்குள் போயிருக்கிறது. இந்த ஒரு வரி சிக்கலை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன்.

எந்தப் பைதான்?

பிப் என்ற கட்டளை தனியாக ஒரு நிரல்; பைதான் என்ற கட்டளை தனியாக ஒரு நிரல். இரண்டும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ‘பிப் --வெர்ஷன்’ என்று கொடுத்தால் வரும் ஒரே வரியின் கடைசியில், அது எந்தப் பைதான் பதிப்போடு சேர்ந்தது, எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது என்று இருக்கும். ‘பைதான் --வெர்ஷன்’ கொடுத்து ஒப்பிடுங்கள். முதலாவது 3.10 என்றும் இரண்டாவது 3.12 என்றும் சொன்னால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

இதைத் தவிர்க்க, பிப்பை எப்போதும் பைதான் வழியாகவே கூப்பிடும் பழக்கம் நல்லது:

பைதான் -எம் பிப் இன்ஸ்டால் ஜாங்கோ

எந்தப் பைதானில் நிரலை ஓட்டப்போகிறோமோ அதற்குள்தான் போகும் என்பது இதில் நிச்சயம். சில எழுத்து அதிகம் தட்ட வேண்டும், ஆனால் மணிக்கணக்கில் தேடுவது மிச்சம்.

கோப்பு சரியாக எங்கே போனது என்று அறிய இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது:

பைதான் -எம் பிப் ஷோ -எஃப் ஜாங்கோ

‘லொகேஷன்’ என்ற வரியில், பொதிகள் போய்ச் சேரும் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரின் முகவரி வரும். அதன்கீழ் ‘ஃபைல்ஸ்’ என்று ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும்; மேலே உருட்டி அந்தப் பட்டியலின் தொடக்கத்தைப் பாருங்கள். லினக்ஸில் இரட்டைப் புள்ளிகள் மூன்று முறை வந்து, பிறகு பின்/ஜாங்கோ-அட்மின் என்று இருக்கும். விண்டோஸில் இரண்டு முறை மேலே ஏறி, ஸ்கிரிப்ட்ஸ்\ஜாங்கோ-அட்மின்.இஎக்ஸ்இ. ஒவ்வொரு இரட்டைப் புள்ளிக்கும் லொகேஷனிலிருந்து ஒரு படி மேலே ஏறினால் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர் கிடைத்துவிடும்.

இந்தப் பட்டியல் ‘ரெக்கார்ட்’ என்ற கோப்பிலிருந்து வருகிறது. இன்ஸ்டால் செய்தபோது எழுதிய கணக்கு அது. இப்போது கோப்பு அங்கே இருக்கிறதா என்று பிப் எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே பட்டியலில் பெயர் இருந்து, ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் கோப்பு இல்லை என்றால், பின்னால் யாரோ எதுவோ அதை அழித்திருக்கிறது. அந்த வகையைத் தனியாகக் கீழே பார்ப்போம்.

விண்டோஸ்

பைதான்.ஆர்க் தளத்திலிருந்து இறக்கும் இன்ஸ்டாலரின் முதல் திரையில் அடியில் ‘ஆட் பைதான்.இஎக்ஸ்இ டு பாத்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அது முன்கூட்டியே டிக் ஆகியிருக்காது. பெரிய எழுத்தில் இருக்கும் ‘இன்ஸ்டால் நவ்’ மீது கை போய்விடும், கட்டம் காலியாகவே நின்றுவிடும். பிறகு ‘பைதான்’ என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். ‘பிஒய்’ என்று தட்டினால் வேலை செய்யும். ஏனென்றால் பிஒய் லாஞ்சர் வேறு ஃபோல்டரில் தனியாக உட்காருகிறது. ‘பிஒய் -எம் பிப் இன்ஸ்டால் ஜாங்கோ’ ஓடி முடித்து, ஜாங்கோ-அட்மின் மட்டும் கிடைக்காமல் போவதற்கு விண்டோஸில் ஆகப் பொதுவான காரணம் இதுதான்.

சரிசெய்ய அதே இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி, ‘மாடிஃபை’ தேர்ந்தெடுத்து, ‘நெக்ஸ்ட்’ அழுத்தியபின் வரும் திரையில் ‘ஆட் பைதான் டு என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்’ கட்டத்தை டிக் செய்யலாம். கையால் சேர்ப்பதானால், ஸ்டார்ட் மெனுவில் ‘என்விரான்மென்ட்’ என்று தேடி, உங்கள் கணக்குக்கான பட்டியலைத் திறந்து, பாத் வரியை ‘எடிட்’ செய்து, ‘நியூ’ அழுத்தி ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரின் முகவரியை ஒட்டுங்கள். அது வழக்கமாக இப்படி இருக்கும்:

சி:\யூசர்ஸ்\உங்கள் பெயர்\ஆப்டேட்டா\லோக்கல்\ப்ரோகிராம்ஸ்\பைதான்\பைதான்312\ஸ்கிரிப்ட்ஸ்

312 என்பது பதிப்பு 3.12. ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், எக்ஸ்ப்ளோரரில் கண்ணுக்குத் தெரியாது. முகவரிப் பட்டையில் நேராகத் தட்டிப் போகலாம்.

‘செட்எக்ஸ் பாத்’ என்று ஒரே வரியில் முடித்துவிடும் வழியைச் சிலர் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். செட்எக்ஸ் 1024 எழுத்துகளோடு வெட்டிவிடும். உங்கள் பாத் அதைவிட நீளமாக இருந்தால் வால்பகுதி போயே போய்விடும். ஜாங்கோவைச் சரிசெய்யப் போய் கிட், நோட், ஜாவா போன்ற மற்ற கருவிகள் எல்லாம் காணாமல் போகும். சிஸ்டம் பாத்தையும் உங்கள் கணக்கின் பாத்தையும் ஒன்றாகக் குழைத்துவிடுவது அதைவிடத் தொல்லை.

பாத்தை மாற்றிய பின் பழைய டெர்மினலிலேயே முயன்று ‘இன்னும் வரவில்லை’ என்று தவிப்பதும் அடிக்கடி நடப்பது. ஒவ்வொரு நிரலும் தன்னைத் தொடங்கிவைத்த நிரலிடமிருந்து பாத்தைப் பிரதி எடுத்துக்கொள்கிறது, தொடங்கும் கணத்தில் ஒரே ஒரு முறை. விஎஸ் கோடு எடிட்டருக்குள் புதிய டெர்மினல் திறந்தாலும் அது விஎஸ் கோடு வைத்திருக்கும் பழைய பிரதியையே வாங்கிக்கொள்ளும். விஎஸ் கோடை முழுதாக மூடித் திறக்க வேண்டும்.

இன்ஸ்டால் ஓடும்போது ‘டிஃபால்ட்டிங் டு யூசர் இன்ஸ்டாலேஷன்’ என்று ஒரு வரி ஓடியதா பாருங்கள். பைதானின் சொந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லாததால் பிப் உங்கள் பயனர் ஃபோல்டருக்கு மாறிவிட்டது என்று பொருள். ‘எல்லாப் பயனர்களுக்கும்’ என்று ப்ரோகிராம் ஃபைல்ஸில் போட்ட பைதானில் இது நடக்கும். அப்போது ஸ்கிரிப்ட் ஆப்டேட்டா\ரோமிங்\பைதான்\பைதான்312\ஸ்கிரிப்ட்ஸ் என்ற இடத்துக்குப் போகும். லோக்கலில் தேடிக்கொண்டே இருந்தால் கிடைக்காது. ஸ்டோரிலிருந்து வந்த பைதானோ ஆப்டேட்டா\லோக்கல்\பேக்கேஜஸ் என்பதற்குள் மிக ஆழமான ஒரு பாதையில் வைக்கும். அந்த முகவரியை யூகிக்க முயலாமல் பிப் ஷோ கட்டளையிடமே கேட்டுவிடுங்கள்.

பல நேரம் பிப்பே இதைச் சொல்லிவிடுகிறது. மஞ்சள் எழுத்தில் ‘வார்னிங்: த ஸ்கிரிப்ட் ஜாங்கோ-அட்மின் இஸ் இன்ஸ்டால்ட் இன்...’ என்று தொடங்கி, ஃபோல்டரின் முழு முகவரியைக் கொடுத்து, அது பாத்தில் இல்லை என்று முடியும். அந்த மஞ்சள் வரியில் இருக்கும் முகவரிதான் பாத்தில் சேர்க்க வேண்டியது. எஸ்க்யூஎல்ஃபார்மேட் என்ற பெயரில் இன்னொரு எச்சரிக்கையும் வரும். அது எஸ்க்யூஎல்பார்ஸ் கொண்டுவந்த ஸ்கிரிப்ட், பயப்பட ஒன்றுமில்லை.

உபுண்டு, டெபியன், மேக்

பயனர் கணக்கில் பிப் போட்டால் லினக்ஸில் ஸ்கிரிப்ட் போகும் இடம் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் .லோக்கல்/பின். உபுண்டுவின் .ப்ரொஃபைல் கோப்பில் இதற்கென்றே ஒரு நிபந்தனை எழுதியிருக்கிறது: அந்த ஃபோல்டர் இருந்தால் மட்டும் பாத்தில் சேர். அந்தக் கோப்பு லாகின் செய்யும்போது ஒருமுறை படிக்கப்படுகிறது. புதுக் கணினியில் முதன்முதலாக பிப் ஓட்டும்போதுதான் ஃபோல்டரே உருவாகும். ஆக, லாகின் செய்த நேரத்தில் ஃபோல்டர் இல்லை, பாத்தில் சேரவில்லை. இப்போது ஃபோல்டர் இருக்கிறது, ஆனால் பாத்துக்குத் தெரியாது. புதிய டெர்மினல் சாளரம் திறந்தாலும் மாறாது. லாக்அவுட் செய்து உள்ளே வந்தால் தானாகச் சரியாகும். பொறுக்க முடியாவிட்டால் ‘சோர்ஸ் ~/.ப்ரொஃபைல்’ என்று கொடுங்கள்.

டெபியன் 12, உபுண்டு 23.04 இவற்றிலும் பிறகு வந்த பதிப்புகளிலும் நேரடியாக பிப் ஓட்டினாலே ‘எக்ஸ்டர்னலி-மேனேஜ்டு-என்விரான்மென்ட்’ என்று மறுத்துவிடும். இயங்குதளத்தின் பைதானை பிப் கலைத்துவிடாமல் இருக்கப் போட்ட வேலி அது; ‘--ப்ரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்று அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள், பெயரிலேயே விளைவு எழுதியிருக்கிறது. சிலர் இயங்குதளத்தின் சொந்தப் பொதி நிறுவியான ஏபிடி வழியாக ‘ஏபிடி இன்ஸ்டால் பைதான்3-ஜாங்கோ’ என்று போவார்கள். ஜாங்கோ-அட்மின் வந்துவிடும், ஆனால் டெபியன் 12-இல் கிடைப்பது ஜாங்கோ 3.2, உபுண்டு 24.04-இல் 4.2. நீங்கள் படிக்கும் பாடம் 5-ஐப் பற்றியது என்றால் வேறு பிழைகளில் மாட்டுவீர்கள். வென்வ், அதாவது ஒரு ப்ராஜெக்டுக்கென்றே தனியான பைதான் சூழல், போடுவதே சரி. இந்த இயங்குதளங்களில் வென்வ் உருவாக்க ‘பைதான்3-வென்வ்’ என்ற பொதியை ஏபிடி வழியாகத் தனியாகப் போட வேண்டும். போடாவிட்டால் ‘என்ஷ்யூர்பிப் இஸ் நாட் அவைலபிள்’ என்று பாதியில் நின்றுவிடும், பின் ஃபோல்டரில் பிப்பும் இருக்காது, வென்வுக்குள் நுழைய வைக்கும் ஆக்டிவேட்டும் இருக்காது. அந்த அரைகுறை ஃபோல்டரை அழித்துவிட்டு, பொதியைப் போட்டபின் மறுபடி உருவாக்குங்கள்.

மேக்கில் ஆப்பிளின் டெவலப்பர் கருவிகளோடு வரும் பைதானைப் பயன்படுத்தினால் ஸ்கிரிப்ட் ஹோமில் லைப்ரரி/பைதான்/3.9/பின் என்ற இடத்தில் இருக்கும். பைதான் 3.9-க்கு ஜாங்கோவின் கடைசிப் பதிப்பு 4.2. ஜாங்கோ 5.0-க்கு பைதான் 3.10 தேவை. பிப் இதைப் பற்றிச் சத்தமே போடாமல் 4.2-ஐ இறக்கிவிடும்.

வென்வ் இருந்தும் காணவில்லை என்றால்

வென்வ் உருவாக்குவதும் அதற்குள் நுழைவதும் வேறு வேறு. ‘பைதான் -எம் வென்வ் வென்வ்’ என்று உருவாக்கிவிட்டு, ஆக்டிவேட் செய்யாமலே பிப் ஓட்டினால் ஜாங்கோ வெளியே உள்ள பைதானுக்குப் போய்விடும். பிறகு வென்வின் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் பைதான், பிப், ஆக்டிவேட் இவை மட்டும் இருக்கும்.

ஆக்டிவேட் கட்டளை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் வென்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட். பவர்ஷெல்லில் அதே ஃபோல்டரில் உள்ள ஆக்டிவேட்.பிஎஸ்1. கிட் பேஷில் ‘சோர்ஸ் வென்வ்/ஸ்கிரிப்ட்ஸ்/ஆக்டிவேட்’. லினக்ஸ், மேக்கில் ‘சோர்ஸ் வென்வ்/பின்/ஆக்டிவேட்’. பவர்ஷெல் ‘ரன்னிங் ஸ்கிரிப்ட்ஸ் இஸ் டிஸேபிள்ட் ஆன் திஸ் சிஸ்டம்’ என்று சிவப்பில் மறுத்தால் கோப்பில் கோளாறு எதுவும் இல்லை. விண்டோஸ் கணினிகளில் ஸ்கிரிப்ட் ஓட்டுவதற்கே முன்னிருப்பாகத் தடை இருக்கிறது. இதை ஒருமுறை கொடுத்தால் போதும்:

செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி -ஸ்கோப் கரன்ட்யூசர் ரிமோட்சைன்ட்

அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை தேவையில்லை. உங்கள் கணக்குக்கு மட்டும் மாறும். ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று போடச் சொல்லும் பாடங்களைப் பின்பற்ற வேண்டாம், அவ்வளவு திறந்துவிடத் தேவையே இல்லை.

விண்டோஸில் உருவாக்கிய வென்வை, விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாகத் திறந்தாலோ, கிட்டில் ஏற்றி லினக்ஸ் சர்வரில் இறக்கினாலோ, பின் ஃபோல்டரே இருக்காது. ஸ்கிரிப்ட்ஸ்தான் இருக்கும், அதற்குள்ளும் இஎக்ஸ்இ கோப்புகள். வென்வை கிட்டில் ஏற்றுவதே தவறு. ‘.கிட்இக்னோர்’ கோப்பில் அதன் பெயரைச் சேர்த்துவிட்டு, தேவையான பொதிகளின் பட்டியலான ரிக்வயர்மென்ட்ஸ்.டெக்ஸ்ட்டை மட்டும் ஏற்றுங்கள்.

ஃபோல்டரின் பெயரை மாற்றுவதில்தான் ஆகக் குழப்பமான பிழை ஒளிந்திருக்கிறது. ‘டெஸ்ட்’ என்று தொடங்கிய ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குப் பின்னால் நல்ல பெயர் வைக்கிறோம். வென்வ் அதற்குள் இருக்கிறது. ஸ்கிரிப்டுகளுக்குள் பைதானின் முழு முகவரி பதிந்திருக்கிறது என்று மேலே சொன்னது நினைவிருக்கும். அந்த முகவரி இன்னும் ‘டெஸ்ட்’ என்றே இருக்கும். விண்டோஸில் பிப்பைத் தட்டினாலே ‘ஃபேட்டல் எரர் இன் லாஞ்சர்’ என்று வரும். லினக்ஸில் ‘பேட் இன்டர்ப்ரெட்டர்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, கோப்பு இல்லை என்கிறதே என்று மண்டை காயும். இல்லை என்று அது சொல்வது ஸ்கிரிப்டை அல்ல, ஸ்கிரிப்டின் முதல் வரியில் குறிப்பிட்ட பைதானை.

இதிலும் மோசமான வடிவம் ஒன்று உண்டு. பேஷ், கமாண்ட் ப்ராம்ப்ட் இரண்டுக்குமான ஆக்டிவேட் கோப்புகளிலும் பழைய முகவரியே பதிந்திருக்கும். ஆக்டிவேட் செய்தால் பிழையே வராது. ப்ராம்ப்டின் முன்னால் அடைப்புக்குறிக்குள் வென்வ் என்று பெயரும் தோன்றும். ஆனால் பாத்தில் சேர்ந்தது இல்லாத ஒரு ஃபோல்டர். அதனால் ஓடுவது வெளியே உள்ள பைதான். ப்ராம்ப்டை நம்பாமல் விண்டோஸில் ‘வேர்.இஎக்ஸ்இ பைதான்’, லினக்ஸில் ‘விச் -ஏ பைதான்’ என்று கேட்டுப் பாருங்கள். முதல் வரி வென்வுக்குள் இருக்கும் முகவரியாக இல்லையென்றால் இதுதான் சங்கதி. முகவரியைக் கையால் திருத்த உட்கார வேண்டாம். வென்வை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கி ‘பைதான் -எம் பிப் இன்ஸ்டால் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டெக்ஸ்ட்’ ஓட்டுவது சில நிமிட வேலை. வென்வுக்குள் உங்கள் சொந்த நிரல் எதையும் வைக்காமல் இருந்தால் அழிப்பதில் இழப்பே கிடையாது.

உண்மையிலேயே காணாமல் போனால்

பிப் ஷோ காட்டும் இடத்தில் கோப்பு இல்லை. இதற்கு இரண்டு காரணங்கள் வழக்கமானவை. ஒன்று, ஆன்டிவைரஸ். பிப் உருவாக்கும் சின்ன இஎக்ஸ்இ கோப்புகள் கையொப்பம் இல்லாதவை, அந்தக் கணத்தில் பிறந்தவை. சில ஆன்டிவைரஸ்கள் சந்தேகப்பட்டுத் தூக்கிவிடும். அதன் க்வாரன்டைன் பட்டியலைத் திறந்து பாருங்கள். இன்னொன்று, இணையம் இல்லாத கணினிக்காக வேறொரு கணினியின் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்துப் போட்டிருப்பார்கள். ஜாங்கோ இம்போர்ட் ஆகும், ஆனால் சீட்டைப் படித்து ஸ்கிரிப்டை உருவாக்க அங்கே பிப் ஓடவே இல்லை. அப்படிப்பட்ட கணினிக்கு, இணையம் உள்ள இடத்தில் ‘பிப் டவுன்லோட் ஜாங்கோ’ என்று வீல் கோப்புகளை இறக்கிக் கொண்டுபோய், ‘--நோ-இன்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ்’ என்ற தேர்வுகளோடு இன்ஸ்டால் செய்யுங்கள். இரண்டு கணினியிலும் இயங்குதளமும் பைதான் பதிப்பும் ஒன்றாக இருக்கட்டும். விண்டோஸுக்கு மட்டும் தேவைப்படும் டைம்சோன் தரவுப் பொதி ஒன்று உண்டு, லினக்ஸில் இறக்கினால் அது விட்டுப்போகும்.

இரண்டு நிலையிலும் சாதாரண பிப் இன்ஸ்டால் உதவாது. பொதியின் விவரக் கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ‘ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைட்’ என்றுவிடும். கட்டாயப்படுத்த வேண்டும்:

பைதான் -எம் பிப் இன்ஸ்டால் --ஃபோர்ஸ்-ரீஇன்ஸ்டால் --நோ-டெப்ஸ் ஜாங்கோ

நோ-டெப்ஸ் போட்டால் கூட வந்த பொதிகளைத் தொடாது. ப்ராஜெக்ட் குறிப்பிட்ட பதிப்பில் ஓடுகிறதென்றால், ஜாங்கோ என்பதன் பின்னால் இரட்டைச் சமக்குறி போட்டு அந்த எண்ணையும் கொடுங்கள். இல்லாவிட்டால் புதிய பதிப்புக்குத் தாவிவிடும்.

தேடும் பெயரே தவறாக இருந்தால்

ஜாங்கோ வெளியான 2005 முதல் பல ஆண்டுகள் பாடங்களில் ‘ஜாங்கோ-அட்மின்.பிஒய்’ என்றே எழுதி வந்தார்கள். 3.1 பதிப்பில் அந்தப் பெயரைக் கைவிடப்போவதாக அறிவித்து, 2021 டிசம்பரில் வந்த 4.0-இல் எடுத்தேவிட்டார்கள். அந்தப் பழைய பாடங்கள் இணையத்தில் அப்படியே இருக்கின்றன. அதைப் பார்த்து பிஒய் கோப்பைத் தேடினால் புதிய ஜாங்கோவில் கிடைக்கவே கிடைக்காது. பின்னால் உள்ள ‘.பிஒய்’-ஐ எடுத்துவிட்டுத் தட்டுங்கள்.

மேனேஜ்.பிஒய் கதை வேறு. அது இன்ஸ்டாலில் வருவதில்லை. ஸ்டார்ட்ப்ராஜெக்ட் ஓட்டும்போது ப்ராஜெக்ட் ஃபோல்டரில் பிறக்கிறது. ‘ஸ்டார்ட்ப்ராஜெக்ட் கடை’ என்று கொடுத்தால் கடை என்ற ஃபோல்டர், அதற்குள் மேனேஜ்.பிஒய், அதன் பக்கத்தில் மறுபடியும் கடை என்ற ஃபோல்டர், அதற்குள் செட்டிங்ஸ்.பிஒய். ‘கான்ட் ஓபன் ஃபைல்’ என்று வந்தால் ஒரு ஃபோல்டர் வெளியேயோ உள்ளேயோ நிற்கிறீர்கள். இரட்டை ஃபோல்டர் வேண்டாமென்றால் பெயருக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு ஒரு புள்ளி வையுங்கள். இருக்கும் ஃபோல்டரிலேயே மேனேஜ்.பிஒய் உருவாகும்.

பிரவுசரில் காணாமல் போகும் ஸ்கிரிப்டுகள்

ப்ராஜெக்ட் ஓடுகிறது, அட்மின் பக்கம் மட்டும் வண்ணமின்றி வெறும் எழுத்தாக வருகிறது, ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளுக்கெல்லாம் 404. செட்டிங்ஸில் ‘டீபக்’ ஃபால்ஸ் ஆகியிருக்கும். ட்ரூவாக இருக்கும்போது, ஜாங்கோவின் சோதனை சர்வரான ரன்சர்வர் தானே ஸ்டேட்டிக் கோப்புகளை (வண்ணம், ஜாவாஸ்கிரிப்ட் போன்றவை) கொடுக்கும். ஃபால்ஸ் ஆனதும் நிறுத்திக்கொள்ளும். தளத்தை நிஜமாக வெளியிடும்போது ஓட்டும் கனிகார்ன் சர்வர் எப்போதுமே கொடுக்காது. கோப்புகள் ஜாங்கோ ஃபோல்டருக்குள் கான்ட்ரிப்/அட்மின்/ஸ்டேட்டிக் என்ற இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. ‘ஸ்டேட்டிக்_ரூட்’ என்பதற்கு ஒரு ஃபோல்டரைக் கொடுத்து ‘பைதான் மேனேஜ்.பிஒய் கலெக்ட்ஸ்டேட்டிக்’ ஓட்டி, அந்த ஃபோல்டரை என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் அல்லது வைட்நாய்ஸ் என்ற பைதான் பொதி மூலம் பரிமாறுங்கள்.

விண்டோஸில் மட்டும் இன்னொன்று. கோப்பு 200 என்று வந்து சேரும், ஆனால் மாட்யூல் வகை ஸ்கிரிப்டை பிரவுசர் ஓட்ட மறுக்கும். கன்சோலில் ‘டெக்ஸ்ட்/ப்ளெய்ன்’ என்று புகார் இருக்கும். வேறு ஏதோ மென்பொருள் ரெஜிஸ்ட்ரியில் ‘.ஜேஎஸ்’ வகையை மாற்றி எழுதியிருக்கிறது, பைதான் அங்கிருந்தே வகையைப் படிக்கிறது. செட்டிங்ஸில் மைம்டைப்ஸ் தொகுதியை இம்போர்ட் செய்து, ‘ஆட்_டைப்’ மூலம் ‘.ஜேஎஸ்’ என்பதற்கு ‘டெக்ஸ்ட்/ஜாவாஸ்கிரிப்ட்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, பிரவுசரின் கேஷைக் காலிசெய்து மறுபடி ஏற்றுங்கள்.

இவ்வளவுக்கும் அசையவில்லை, யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால், ‘ஜாங்கோ வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாமல் இந்த நான்கின் வெளியீட்டையும் எழுத்தாக ஒட்டுங்கள்: ‘பிப் --வெர்ஷன்’, ‘பைதான் --வெர்ஷன்’, ‘வேர்.இஎக்ஸ்இ பைதான்’ அல்லது ‘விச் -ஏ பைதான்’, ‘பைதான் -எம் பிப் ஷோ ஜாங்கோ’. நான்கையும் ஒரே டெர்மினல் சாளரத்தில், பிழை வந்த அதே ஃபோல்டரில் நின்று, வென்வ் இருந்தால் அதை ஆக்டிவேட் செய்தபின் ஓட்டியிருக்க வேண்டும்.